பதினைந்து வருட மின்னஞ்சல் முகவரியை மூடிவிடலாமா?

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்யும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பதினைந்து வருடமாக அவருக்கு ஒரே ஜிமெயில் முகவரிதான். வாடிக்கையாளர்கள், வங்கி, காப்பீடு, மகனின் கல்லூரி, ஆன்லைன் கடைகள் என்று எல்லா இடத்திலும் அதையே கொடுத்து வந்திருக்கிறார். இப்போது தினமும் நூற்றுக்கு மேல் மெயில் வருகிறது. படிக்காதவை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டன. போன மாதம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அவசர வேலைக்காக எழுதிய மெயில் ஸ்பேமில் போய் விழுந்திருக்கிறது. பத்து நாள் கழித்து இவர் அதைப் பார்த்தபோது வேலை வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

“தினமும் உட்கார்ந்து ஒவ்வொரு முகவரியாக பிளாக் செய்கிறேன், குறையவே இல்லை. அன்சப்ஸ்கிரைப் (அந்த மெயில் பட்டியலிலிருந்து விலகும்) பட்டனை அழுத்தவே கூடாது, அழுத்தினால் இன்னும் வரும் என்கிறாள் தோழி. பேசாமல் இந்த முகவரியை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்துகொள் என்கிறான் மகன். இன்பாக்ஸைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று ஓர் ஆப் விளம்பரம் வந்தது, அதைப் போடலாமா? அனுமதி கேட்காமல் மெயில் அனுப்புகிறவர்கள் மீது வழக்குப் போட முடியுமா?” என்று கேட்கிறார்.

இன்னும் இரண்டு விஷயங்களைத் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறார். அவருடைய சொந்த முகவரியிலிருந்தே அவருக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்திருக்கிறது. “உன் கேமரா வழியாக உன்னைப் படம் பிடித்திருக்கிறேன், பிட்காயினில் பணம் அனுப்பு” என்று எழுதி, அவர் ஒரு காலத்தில் நிஜமாகவே வைத்திருந்த பாஸ்வேர்டையும் போட்டிருந்தார்களாம். பணம் அனுப்பவில்லை, ஆனால் வெட்கப்பட்டு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொன்று கடைசி வரியில் இருந்தது: “இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, தெரியாத மொழிகளில் எல்லாம் ‘பதிவு செய்ததற்கு நன்றி’ என்று நூற்றுக்கணக்கான மெயில் ஒரே சமயத்தில் கொட்டியது. எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிட்டேன்.”

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாம் அடுத்த வாரம் செய்தாலும் பரவாயில்லை, இதை இன்றே செய்துவிடுங்கள்.

அந்த ராத்திரி வந்த வெள்ளம்

ஒரே மணி நேரத்தில், நீங்கள் கேள்விப்பட்டே இராத தளங்களிலிருந்து நூற்றுக்கணக்கான வரவேற்பு மெயில்கள் வந்தால் அது வழக்கமான ஸ்பேம் இல்லை. யாரோ ஒரு நிரலை ஓடவிட்டு, உலகத்தில் பாதுகாப்பில்லாமல் கிடக்கிற செய்திமடல் படிவங்களில் எல்லாம் உங்கள் முகவரியைப் பதிந்திருக்கிறார்கள். மெயில் குண்டுவீச்சு என்று இதைச் சொல்வார்கள். அனுப்பியவை நேர்மையான தளங்கள்தான் என்பதால் ஸ்பேம் வடிகட்டியும் பெரும்பாலும் அவற்றைப் பிடிக்காது.

இதைச் செய்பவருக்கு உங்களைத் தொந்தரவு செய்வதில் பெரிய லாபம் இல்லை. அந்த வெள்ளத்துக்கு நடுவே ஒரே ஒரு மெயிலை ஒளித்து வைப்பதுதான் பல நேரங்களில் நோக்கம். “உங்கள் கார்டில் இன்ன தொகைக்குப் பொருள் வாங்கப்பட்டது”, “உங்கள் கணக்கின் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது”, “டெலிவரி முகவரி மாற்றப்பட்டது” என்று ஏதாவது ஒன்று அதில் இருக்கும். நீங்கள் எரிச்சலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவீர்கள் என்பதை எதிர்பார்த்தே செய்கிறார்கள்.

உங்களுக்கு அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. வேண்டாதவர் யாராவது வெறுமனே தொல்லை கொடுக்கவும் செய்திருக்கலாம். ஆனால் பார்த்துவிடுவது நல்லது. ஜிமெயிலில் அழித்தவை குப்பையில் 30 நாள்தான் இருக்கும், அதனால் அந்த மெயில்கள் இப்போது போயிருக்கும். அதற்குப் பதிலாக அந்த ராத்திரியையும் அதற்கு அடுத்த நாட்களையும் வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு அறிக்கைகளில் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஆன்லைன் கடைகளில் ஆர்டர் பட்டியலைத் திறந்து பாருங்கள். மறைத்து வைக்கப்பட்ட ஆர்டர்கள் என்று சில கடைகளில் தனிப் பகுதி இருக்கும், அதையும் விடாதீர்கள். தெரியாத வரவு செலவு ஏதாவது கண்ணில் பட்டால் உடனே வங்கிக்குப் போன் செய்யுங்கள். போன் எண்ணை ஏதோ ஒரு மெயிலிலிருந்து எடுக்க வேண்டாம், கார்டின் பின்பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்.

அப்புறம், ஜிமெயில் அமைப்புகளில் ஃபில்டர்கள் (எந்த மெயிலை என்ன செய்வது என்ற விதிகள்) பகுதியையும் ஃபார்வர்டு (வரும் மெயிலை வேறு முகவரிக்கு அனுப்புவது) பகுதியையும் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் திறந்தால்தான் இவை முழுமையாகத் தெரியும். ஒரு கணக்குக்குள் நுழைந்துவிட்டவர்கள் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று, வங்கியிலிருந்து வரும் மெயில்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஃபில்டர் ஒன்றை எழுதிவைப்பது, அல்லது வருகிற எல்லாவற்றின் நகலும் தங்களுக்கு வரும்படி செய்வது. பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்த ஃபில்டர்கள் அப்படியே இருக்கும். நீங்கள் எழுதாத ஃபில்டர் ஒன்று அங்கே இருந்தால் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நீக்குங்கள். உங்கள் கணக்கில் எந்தெந்தக் கருவிகள் உள்நுழைந்திருக்கின்றன என்ற பட்டியலும் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கும். உங்களுடையது இல்லாததை வெளியேற்றிவிடுங்கள்.

இனி எப்போதாவது இப்படி ஒரு வெள்ளம் வந்தால் அழிப்பதைத் தள்ளிப்போடுங்கள். முதலில் வங்கியின் பெயரையும் நீங்கள் வாங்கும் கடைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம்.

மிரட்டல் மெயில்

இதற்காக நீங்கள் வெட்கப்பட எதுவுமே இல்லை. இதே வாசகங்களோடு, இதே மிரட்டலோடு எண்ணற்ற பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். கேமராவே இல்லாத கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் வருகிறது. எழுதியவருக்கு நீங்கள் யார் என்றே தெரியாது.

“என் முகவரியிலிருந்தே வந்ததே, அப்படியானால் என் கணக்குக்குள் புகுந்துவிட்டார்கள்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி முடிவு கட்ட வேண்டியதில்லை. மெயில் போக்குவரத்தின் அடிப்படை விதிகள் எழுதப்பட்டபோது, அனுப்புநர் என்ற இடத்தில் யார் எதை எழுதினாலும் அதைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. தபால் உறையின் பின்னால் யாருடைய விலாசத்தை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதே மாதிரிதான். பிற்பாடு வந்த எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்பு முறைகள் இந்த ஓட்டையை நிறைய அடைத்திருக்கின்றன, ஆனால் முழுதாக இல்லை. உங்கள் ‘அனுப்பியவை’ பகுதியில் அந்த மெயில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லாவிட்டால், அது போலி விலாசம் எழுதிய கடிதம் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. அவர்கள் அதை அழித்திருக்கலாமே என்ற சந்தேகத்துக்கு, மேலே சொன்ன கருவிகள் பட்டியல் ஓரளவு பதில் சொல்லும்.

பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது? நீங்கள் என்றோ பதிவு செய்த ஏதோ ஒரு தளத்திலிருந்து திருடு போயிருக்கும். அப்படித் திருடு போன பட்டியல்கள் இணையத்தில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. டிராய் ஹன்ட் என்ற பாதுகாப்பு நிபுணர் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தத் திருட்டுகளில் அது வெளியே போயிருக்கிறது என்று இலவசமாகக் காட்டும். பட்டியல் நீளமாக இருந்தால் பதற வேண்டாம். பதினைந்து வருடப் பழைய முகவரி என்றால் பெரும்பாலும் நீளமாகத்தான் இருக்கும். அந்தப் பழைய பாஸ்வேர்டையோ அதன் சாயலில் இன்னொன்றையோ இப்போதும் எங்காவது பயன்படுத்துகிறீர்களா என்பதுதான் கேள்வி. பயன்படுத்தினால் அந்த இடங்களில் எல்லாம் மாற்றுங்கள், ஜிமெயிலுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் முறை) போட்டுவிடுங்கள்.

பணம் கொடுக்காதது சரியான முடிவு. பதிலும் எழுத வேண்டாம். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். வெறும் மிரட்டல் வாசகம் என்றால் ஸ்பேம் எனப் புகார் செய்துவிட்டுக் கடந்து போகலாம். உங்களுடைய உண்மையான படமோ வீடியோவோ இணைத்து அனுப்பியிருந்தால் அது வேறு வகைக் குற்றம். அப்போது எதையும் அழிக்காமல் காவல்துறையின் சைபர் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். இந்த மிரட்டல்காரர்கள் நம்பியிருப்பது, மிரட்டல் வந்தவர் யாரிடமும் வாய் திறக்கமாட்டார் என்பதைத்தான். உங்கள் மகனுக்கும் நாளைக்கே இதே மெயில் வரலாம்.

முகவரியை மூடுவது பற்றி

உங்கள் மகன் அக்கறையில் சொல்கிறார், ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகிவிடும்.

இந்த முகவரியோடு கட்டப்பட்டிருக்கும் கணக்குகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தளத்திலும் பாஸ்வேர்டு மறந்தால் அதை மாற்றும் இணைப்பு இந்த முகவரிக்குத்தான் வரும். அப்படியானால் உங்கள் வங்கி, காப்பீடு, வரி, படங்கள் எல்லாவற்றுக்கும் சாவி இதுதான். மூடிய பிறகு ஏதாவது ஒரு கணக்கை மாற்ற மறந்திருந்தது தெரிந்தால் அதற்குள் நுழைய வழி இருக்காது. சில சேவைகளில் பழைய முகவரிகள் வேறொருவர் கைக்கும் போகும். 2013-ல் யாஹூ நிறுவனம், ஒரு வருடத்துக்கு மேல் பயன்படாமல் கிடந்த பயனர் பெயர்களைப் புதியவர்களுக்குக் கொடுக்கப் போவதாக அறிவித்தது. பழைய சொந்தக்காரருக்கு வர வேண்டிய தனிப்பட்ட மெயில்கள் புதியவருக்கு வந்து சேர்ந்ததாக அப்போது புகார்கள் எழுந்தன. கூகுள், நீக்கிய ஜிமெயில் முகவரியை யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆனால் இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கை அது அழித்துவிடலாம். அதனால் ‘மூடாமல் சும்மா விட்டுவைக்கிறேன்’ என்பதும் சரிப்படாது.

புதிய முகவரி திறப்பதே தவறு என்று சொல்லவில்லை. பழையதை மூடாமல், கூடவே இன்னொன்று திறந்துகொள்ளுங்கள். கடைகள், கூப்பன்கள், ஒரு தடவை படிக்கப் பதிவு கேட்கும் தளங்கள் இவற்றுக்கெல்லாம் இனி அதையே கொடுங்கள். அந்த முகவரியை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். வாடிக்கையாளர்கள் பழைய முகவரியிலேயே இருக்கட்டும், பதினைந்து வருடத்தில் சம்பாதித்த தொடர்புகள் அவை. வங்கியை மட்டும் யாருக்கும் தராத மூன்றாவது முகவரி ஒன்றுக்கு மாற்றலாமா என்றால், அதைத் தினமும் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தால் மாற்றலாம். இல்லாவிட்டால் வங்கி எச்சரிக்கை அங்கே யாரும் பார்க்காமல் கிடக்கும், இப்போதைக்குப் பழைய முகவரியே மேல்.

ஆப்பிளின் ‘ஹைட் மை ஈமெயில்’, மொசில்லாவின் ‘ஃபயர்ஃபாக்ஸ் ரிலே’ போன்ற சேவைகள் தளத்துக்கு ஒன்றாக மறைமுக முகவரி உண்டாக்கித் தரும். அதற்கு வருவது உங்கள் உண்மையான முகவரிக்கு வந்து சேரும், தொல்லை என்றால் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடலாம். எந்தத் தளம் உங்கள் முகவரியைக் கசியவிட்டது என்பதும் அப்போதே தெரிந்துபோகும். வங்கிக்கும் அரசுக் கணக்குகளுக்கும் மட்டும் இவற்றைக் கொடுக்காதீர்கள். நாளை அந்தச் சேவை நின்றுபோனால் உங்கள் கணக்கும் கைவிட்டுப் போகும்.

பிளாக் செய்வதா, அன்சப்ஸ்கிரைப் செய்வதா, ஸ்பேம் என்று சொல்வதா?

நீங்கள் தினமும் செய்கிற பிளாக் வேலைதான் இவற்றில் பலன் குறைந்தது. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் ஒரே முகவரியை இரண்டாம் முறை பயன்படுத்துவது அரிது. போலி விலாசத்தில் வந்த மெயிலை நீங்கள் பிளாக் செய்தால், அந்த விலாசத்துக்குச் சொந்தக்காரரான அப்பாவி ஒருவரைத்தான் பிளாக் செய்கிறீர்கள். பிளாக் பட்டியலில் உங்கள் வாடிக்கையாளர் யாரும் தவறுதலாகச் சேர்ந்திருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஜிமெயிலில் பிளாக் செய்தவர்களின் மெயில் நேராக ஸ்பேமுக்குத்தான் போகும். அந்த அவசர வேலை மெயில் ஸ்பேமில் கிடந்ததற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம். தெரிந்த ஒருவர், முன்னாள் வாடிக்கையாளரோ உறவினரோ, நிறுத்தச் சொல்லியும் கேட்காமல் எழுதிக்கொண்டிருந்தால் அங்கேதான் பிளாக் நன்றாக வேலை செய்யும்.

உங்கள் தோழி சொன்னது பாதி சரி. யாரென்றே தெரியாதவர் அனுப்பிய மெயிலுக்குள் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் இணைப்பை அழுத்தக் கூடாது. அழுத்தினால் இந்த முகவரியில் ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிடும், அல்லது போலித் தளம் ஒன்றில் கொண்டுபோய் விடும். ஆனால் நீங்கள் பொருள் வாங்கிய கடை, பயணச்சீட்டு எடுத்த தளம், ஒரு காலத்தில் விரும்பிச் சேர்ந்த செய்திமடல் இவையெல்லாம் வேறு. அங்கே அன்சப்ஸ்கிரைப் செய்வதே முறையான வழி, பெரும்பாலும் நின்றும்விடும்.

அதற்கும் மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இணைப்பைத் தேட வேண்டியதில்லை. ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே அன்சப்ஸ்கிரைப் என்று ஒரு பட்டன் தெரியும், அதை அழுத்துங்கள். மெயிலின் கண்ணுக்குத் தெரியாத தலைப்புப் பகுதியில் அனுப்புநர் தந்திருக்கும் விலகல் விவரத்தை வைத்து அந்தப் பட்டன் வேலை செய்கிறது. இது இப்போது கட்டாயமும் கூட. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு விதிகளைக் கடுமையாக்கின. கூகுளின் கணக்கில், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புகிறவர்கள் மொத்த அனுப்புநர்கள். அவர்கள் தங்கள் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறைகளைப் பின்பற்ற வேண்டும், விளம்பர மெயில்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும், விலகல் கோரிக்கையை இரண்டு நாளில் நிறைவேற்ற வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சொன்ன அந்த 0.3 சதவீதத்தைக் கவனியுங்கள். ஆயிரம் பேரில் மூன்று பேர் ஸ்பேம் என்று அழுத்தினாலே அந்த நிறுவனத்தின் மெயில்கள் மற்றவர்களுக்கும் இன்பாக்ஸில் போய்ச் சேர்வது கடினமாகிவிடும். உங்கள் கையில் இருக்கும் பட்டனுக்கு அவ்வளவு வலு உண்டு. அதனால்தான் அதைப் பார்த்துப் பயன்படுத்தச் சொல்கிறேன். விலகிய பிறகும் அனுப்பிக்கொண்டே இருக்கும் கடை, யாரென்றே தெரியாதவர்கள், இவர்களுக்குத் தயங்காமல் அழுத்துங்கள். நீங்களே சேர்ந்துவிட்டு இப்போது அலுத்துப்போன செய்திமடலுக்கு அதை அழுத்தினால் பாதிப்பு உங்களுக்கும்தான். வடிகட்டி உங்களிடமிருந்து கற்றுக்கொள்கிறது. ஒரு கடையின் விளம்பரத்தை ஸ்பேம் என்று சொல்லிவைத்தால், அதே கடையின் ரசீதும் டெலிவரி செய்தியும் நாளை ஸ்பேமில் போய் விழலாம்.

சமூக வலைத்தளங்களிலிருந்து வரும் ‘இன்னார் உங்களைக் குறிப்பிட்டார்’ வகை மெயில்களை அந்தந்தத் தளத்தின் அறிவிப்பு அமைப்பில் போய் நிறுத்துங்கள், ஐந்து நிமிட வேலை. அப்புறம், யாரோ ஒருவர் தன் முகவரி என்று நினைத்து உங்களுடையதை எங்கோ கொடுத்திருப்பார், அவருடைய ரசீதுகளும் உங்களுக்கு வரும். அவற்றில் ‘உறுதி செய்க’ என்று இருக்கும் எதையும் அழுத்த வேண்டாம்.

மெயிலில் வரும் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளம்பர மெயில்களில் கண்ணுக்கே தெரியாத, ஒரே ஒரு புள்ளி அளவுள்ள படம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். நீங்கள் மெயிலைத் திறந்ததும் அந்தப் படம் அனுப்புநரின் சர்வரிலிருந்து இறங்கும், நீங்கள் திறந்த நேரம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஜிமெயில் அமைப்புகளில் ‘வெளிப்படங்களைக் காட்டும் முன் கேள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இது நின்றுவிடும். ஆப்பிளின் மெயில் செயலியில் இதற்கான பாதுகாப்பு 2021 முதல் இருக்கிறது.

வேண்டிய மெயிலைத் தப்பவிடாமல் இருக்க

இவ்வளவு நேரம் வேண்டாததைப் பற்றிப் பேசினோம். உங்களுக்கு உண்மையில் நஷ்டம் வந்ததோ வேண்டிய ஒரு மெயில் தவறியதால். வடிகட்டுதல் என்றாலே எல்லாரும் குப்பையைப் பிடிக்கிற ஃபில்டர் எழுதத்தான் உட்காருகிறார்கள். நான் முதலில் எழுதச் சொல்வது எதைத் தவறவிடக் கூடாதோ அதற்கான ஃபில்டரை.

ஜிமெயிலில் தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கோடுகள் போன்ற குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் உங்கள் வாடிக்கையாளர்களின் முகவரிகளைப் போடுங்கள். நிறுவன வாடிக்கையாளர் என்றால் ஒருவருடைய முகவரி போதாது, அங்கே ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். @ குறிக்குப் பின்னால் வரும் நிறுவனப் பெயரை மட்டும் கொடுங்கள். அடுத்த திரையில் ‘ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே’, ‘நட்சத்திரமிடு’, ‘லேபிள் இடு’ மூன்றையும் தேர்ந்தெடுத்து, ‘வாடிக்கையாளர்’ என்று லேபிளுக்குப் பெயர் வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் அந்த லேபிளுக்கு மட்டும் ஒலி வரும்படி செய்து மற்றவற்றின் ஒலியை அணைத்துவிட்டால், போன் சத்தம் போட்டாலே வேலை வந்திருக்கிறது என்று தெரியும். அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் ‘பாதுகாப்பான அனுப்புநர்கள்’ பட்டியலில் இந்த முகவரிகளைச் சேர்த்து அவை ஸ்பேமில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலில் வங்கியைச் சேர்க்க வேண்டாம். வங்கியின் பெயரில் போலி மெயில்கள் நிறைய வருகின்றன. ஸ்பேமுக்கு அனுப்பாதே என்று நீங்களே கதவைத் திறந்துவைத்தால், வடிகட்டி பிடிக்க வேண்டிய போலியும் உள்ளே வரும்.

இதை முடித்த பிறகு குப்பைக்கு வாருங்கள். செய்திமடல்கள் எல்லாவற்றிலும் அன்சப்ஸ்கிரைப் என்ற சொல் எங்காவது இருக்கும். அந்த ஆங்கிலச் சொல்லை வைத்து ஒரு ஃபில்டர் எழுதி, இன்பாக்ஸைத் தாண்டி ‘பிறகு படிக்க’ என்ற லேபிளுக்குப் போகச் சொல்லலாம். நேராக அழிக்கச் சொல்லாதீர்கள். கல்லூரி அறிவிப்பு, காப்பீட்டுப் புதுப்பிப்பு, வாடிக்கையாளரின் திட்டமேலாண்மைச் செயலி அனுப்பும் செய்தி இவற்றிலும் அதே சொல் இருக்கும். முதல் இரண்டு வாரம் அந்த லேபிளைத் தினமும் பாருங்கள். தவறாக உள்ளே போனவற்றை ஃபில்டரிலிருந்து விலக்குங்கள், அப்புறம் அது தன் பாட்டுக்கு ஓடும். ஸ்பேம் பெட்டியை மட்டும் வாரம் இரண்டு தடவையாவது மேலோட்டமாகப் பார்ப்பதை விட வேண்டாம். தவறாக விழுந்த மெயிலில் ‘இது ஸ்பேம் இல்லை’ என்பதை அழுத்தி இன்பாக்ஸுக்குக் கொண்டுவந்தால், அடுத்த தடவை வடிகட்டி அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்து தரும் ஆப்

எந்த ஆப் என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாக இவை உங்கள் மெயில் பெட்டி முழுவதையும் படிக்கும் அனுமதியைக் கேட்கும். வாடிக்கையாளர்களின் வெளிவராத ஆவணங்கள் உங்கள் பெட்டியில் இருக்கின்றன, ரகசியம் காப்பதாக நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டிருக்கக் கூடும். அன்ரோல்.மீ என்ற இலவசச் சேவை, மக்களின் மெயில் ரசீதுகளிலிருந்து எடுத்த கொள்முதல் விவரங்களைத் தன் தாய் நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தது, ஆனால் பயனர்களிடம் வேறு மாதிரிச் சொன்னது என்று அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-ல் நடவடிக்கை எடுத்தது. எல்லா ஆப்பும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தொழிலில் இருப்பவருக்கு என் ஆலோசனை, வேண்டாம் என்பதுதான். ஜிமெயிலிலேயே உங்கள் சந்தாக்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காட்டி விலகச் செய்யும் வசதி இப்போது இருக்கிறது. முன்பு ஏதாவது ஆப்புக்கு அனுமதி கொடுத்திருந்தால் கூகுள் கணக்கில் மூன்றாம் தரப்பு இணைப்புகள் பகுதிக்குப் போய்த் திரும்பப் பெறுங்கள். போனிலிருந்து ஆப்பை நீக்கினால் மட்டும் அந்த அனுமதி போய்விடாது.

வழக்குப் போட முடியுமா?

அனுமதி கேட்காமல் விளம்பர மெயில் அனுப்புவது எல்லா நாட்டிலும் குற்றம் என்று நினைக்கிறீர்கள். நாட்டுக்கு நாடு இது வேறுபடும். அமெரிக்காவின் 2003-ம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம் முன்அனுமதி கேட்கச் சொல்லவில்லை. பொய்யான தலைப்பும் பொய்யான அனுப்புநர் விவரமும் கூடாது, விலகச் சொன்னவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் சாதாரணத் தனிநபர் நேரடியாக வழக்குப் போடவும் முடியாது. கனடாவில் 2014-ல் அமலுக்கு வந்த சட்டம் அனுமதி இருந்தால்தான் அனுப்பலாம் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதி, நேரடி விளம்பரத்துக்கு உங்கள் விவரங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று எப்போது வேண்டுமானாலும் மறுக்கும் உரிமையைத் தருகிறது. நீங்கள் மறுத்தால் அவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும்.

நடைமுறையில் இப்படிப் பாருங்கள். முகமில்லாத ஸ்பேம்காரர்களை எந்தச் சட்டத்தாலும் உங்களால் பிடிக்க முடியாது, அவர்களுக்காக வக்கீலுக்குச் செலவழிக்க வேண்டாம். பெயரும் முகவரியும் உள்ள நிறுவனம் விலகிய பிறகும் அனுப்பினால் அங்கே உங்கள் பேச்சுக்கு எடை உண்டு. விலகிய தேதியைக் குறித்து வையுங்கள், அதற்குப் பின் வந்த மெயில்களை அழிக்காமல் வையுங்கள், அந்த நிறுவனத்தின் தனியுரிமைத் தொடர்பு முகவரிக்கு நான்கு வரி எழுதுங்கள். என் விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம், எங்கிருந்து பெற்றீர்கள் என்றும் சொல்லுங்கள் என்று கேட்டால் போதும். பல நேரம் அந்தக் கடிதத்திலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் உங்கள் நாட்டில் தரவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பிடம் அந்தச் சான்றுகளோடு புகார் கொடுக்கலாம். அந்த அவசர வேலை கைவிட்டுப் போனதற்கு அந்த நிறுவனங்களிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா என்றால், ஆயிரம் மெயில்களுக்கு நடுவே எந்த ஒன்றால் நஷ்டம் வந்தது என்று நிரூபிப்பது ஆகாத காரியம். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அந்த இருபதாயிரம்

ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டாம். விளம்பரத் தாவலில் ஒரு வருடத்துக்கு முந்தையவற்றை முழுதாகத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம், அதில் நீங்கள் இழக்கப் போவது அநேகமாக எதுவும் இல்லை. மீதியை அனுப்புநர் பெயரை வைத்துத் தேடி அழியுங்கள். அதிகமாக அனுப்பும் இருபது முப்பது பேரை முடித்தாலே மலை பாதியாகிவிடும். ஒவ்வொருவருடையதையும் அழிப்பதற்கு முன் விலகிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி சேரும். வங்கி, வரி, ஒப்பந்தம், கட்டண ரசீது தொடர்பானவற்றைத் தொடாதீர்கள். அழித்த அன்றே குப்பைப் பெட்டியைக் காலி செய்ய வேண்டாம், 30 நாளில் அது தானாகக் காலியாகும். அதற்குள் ஏதாவது நினைவுக்கு வந்தால் மீட்டுக்கொள்ளலாம்.

வேலை கொடுக்க எழுதிய அந்த வாடிக்கையாளருக்கு இன்னும் பதில் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தாமதமானாலும் எழுதிவிடுங்கள். மெயில் ஸ்பேமில் விழுந்துவிட்டது, பத்து நாள் கழித்துத்தான் பார்த்தேன், அடுத்த வேலைக்குத் தயாராக இருக்கிறேன் என்று நேராகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் பதில் எழுதிய முகவரிகளை வடிகட்டி நம்பத் தொடங்கும் என்பதால் அதில் இன்னொரு பயனும் உண்டு. மெயிலின் கடைசியில் வரும் கையொப்பத்தில் உங்கள் போன் எண்ணைச் சேர்த்து, அவசர வேலை என்றால் ஒரு நாளில் பதில் வராதபோது கூப்பிடுங்கள் என்று ஒரு வரி போட்டுவையுங்கள்.